தகவமைப்புத் திட்டங்கள் யாரையாவது காப்பாற்றியிருக்கின்றனவா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். ஆண்டுதோறும் காலநிலை மாநாடு கூடுகிறது, பெரும்பாலான நாடுகள் தகவமைப்புக்கென்று, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வதற்கென்று, இருநூறு முந்நூறு பக்கத்துக்குத் தேசியத் திட்டம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கின்றன; இதனால் ஒரு குடும்பமாவது வெள்ளத்திலிருந்தோ வெயிலிலிருந்தோ தப்பித்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. கரி உமிழ்வைக் குறைக்க மனமில்லாதவர்கள் 'வருவதைச் சமாளித்துக்கொள்ளலாம்' என்று நழுவுவதற்கான சாக்குதானே இது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் நாட்டுத் திட்டத்தை முழுக்கப் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த பிறகும் அது வெறும் காகிதமா, வேலை செய்யக்கூடியதா என்று உங்களால் சொல்ல முடியவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் படித்தது நீரியல் பொறியியல். முதலில் வெள்ளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடந்த பதினாறு ஆண்டுகளாகத் தகவமைப்புத் திட்டங்களையும், அவற்றின் பேரில் நடந்த பணிகளையும் மதிப்பீடு செய்வது என் வேலை. தண்ணீர், கட்டுமானம், முன்னெச்சரிக்கை பற்றிச் சொல்வதெல்லாம் கண்டதும் செய்ததும். சர்வதேசச் சட்டத்தையும் பேச்சுவார்த்தைகளையும் ஒரு வாசகனாகத்தான் பின்தொடர்கிறேன்; அந்த இடங்களில் என் கருத்தைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள்.

சாக்கு என்ற சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். அது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. 1992இல் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை எழுதப்பட்டபோதே அதன் 4ஆவது பிரிவில் தகவமைப்பு இடம்பெற்றுவிட்டது. ஆனால் தொண்ணூறுகளில் அதைப் பற்றி அதிகம் பேசியவரை, உமிழ்வுக் குறைப்பைக் கைவிட்டவர் என்றே பலர் பார்த்தார்கள். இன்று அந்த வாதத்துக்கு இடமில்லை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம். 2024ஆம் ஆண்டு மட்டும் 1.5 டிகிரியைத் தாண்டியது. நாளைக் காலையிலேயே உமிழ்வு சுழியமானாலும் கடல் மட்டம் நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே தகவமைப்பு வேண்டுமா என்பதே கேள்வியில்லை. அதற்காக எவ்வளவு சூடானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடாது. 1.5 டிகிரியில் வெப்பக்கடல் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் மதிப்பீடு. பவளத்தை நம்பிப் பிழைக்கும் மீனவருக்கு எந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்து என்ன பயன்? உமிழ்வைக் குறைக்கக் குறைக்கத்தான் தகவமைப்பால் ஆகக்கூடிய காரியம் என்று ஏதாவது மிஞ்சும்.

சரி, அப்படியானால் உலக அளவில் இது ஏன் இவ்வளவு மந்தமாக நகர்கிறது? எல்லோரும் பணத்தைக் காரணம் சொல்வார்கள். பணத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. உமிழ்வுக்கு ஓர் அலகு உண்டு. ஒரு டன் கரியமில வாயு எங்கே குறைந்தாலும் ஒரு டன்தான். தகவமைப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. ஓரிடத்தில் கட்டிய தடுப்பணையையும் வேறோரிடத்தில் விதைத்த வறட்சி தாங்கும் விதையையும் எந்தத் தராசில் வைத்துக் கூட்டுவது? 2015இன் பாரிஸ் ஒப்பந்தம் அதன் 7ஆவது பிரிவில் 'உலகளாவிய தகவமைப்பு இலக்கு' ஒன்றை வைத்தது: தகவமையும் திறனைக் கூட்டுவது, தாங்குதிறனை வலுப்படுத்துவது, பாதிக்கப்படும் நிலையைக் குறைப்பது. எண் எதுவும் இல்லை. அதற்கு ஒரு சட்டகம் கிடைக்கவே 2023 துபாய் மாநாடு வரை ஆயிற்று. தண்ணீர், உணவு, உடல்நலம், சூழல் அமைப்புகள், உள்கட்டமைப்பு, வாழ்வாதாரம், பண்பாட்டு மரபு என்று ஏழு துறைகள், திட்டமிடல் சுழற்சிக்கென்று நான்கு இலக்குகள். அப்புறம் அவற்றை அளக்கக் குறியீடுகள் தேடும் வேலை தொடங்கியது. வல்லுநர்கள் ஆயிரக்கணக்கில் வந்த முன்மொழிவுகளைச் சலித்து நூறாகக் குறைத்தார்கள். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெங் நகரில் கூடியவர்கள் அதை 59 ஆக்கி ஏற்றுக்கொண்டார்கள். அதிலும் பல நாடுகள் அதிருப்தியோடுதான் தலையாட்டின.

இந்தக் குறியீடுகளைப் பற்றி எனக்கு ஒரு தொழில்முறைக் கவலை உண்டு. புயல் வராத ஆண்டில் புயலால் யாரும் சாகவில்லை. அதைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டும் அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எத்தனை பயிற்சிப் பட்டறை நடந்தது, எத்தனை ஆவணம் வெளியானது என்று எண்ணுவது எளிது. நடக்காமல் போன சாவை எண்ணுவது கடினம். ஆகவே எண்ணக்கூடியதைச் செய்துவிட்டு அதையே சாதனையாகக் காட்டும் பழக்கம் இந்தத் துறையில் வேரோடிப் போயிருக்கிறது. புதிய 59 இதை மாற்றுமா என்று கேட்டால், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மாற்றாது என்றே சொல்வேன். இது என் ஊகம்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியதற்கு வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு 'ஆம்' என்று தயங்காமல் பதில் சொல்ல ஒரு நாடு போதும்: வங்கதேசம். 1970 நவம்பரில் அடித்த போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991இல் வந்த புயலில் சுமார் 1,40,000 பேர். 2007இல் சிட்ர் புயலில் சுமார் 3,400. 2020இல் அம்பன் புயலில் அந்த நாட்டில் முப்பதுக்கும் குறைவு. நேர்மையாகச் சொன்னால் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு புயலும் வேறு வேறு வலிமையோடு, வேறு வேறு கரையில், வேறு வேறு ஓத நேரத்தில் ஏறியது. அம்பன் கரையைக் கடந்தது பெரும்பாலும் மேற்கு வங்கப் பக்கம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சும் வித்தியாசம் மிகப் பெரியது. அது எப்படி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1970 பேரழிவுக்குப் பின் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஊரில் இருப்பவர்களே தன்னார்வலர்கள். கொடியும் ஒலிபெருக்கியும் மிதிவண்டியும் அவர்கள் கருவிகள். இன்று அவர்கள் எண்ணிக்கை சுமார் 76,000, அதில் பாதிப்பேர் பெண்கள்.

அந்தப் பாதி சும்மா வந்ததில்லை. 1991இல் எச்சரிக்கை போகாமல் இல்லை. போயும் பலர் வீட்டைவிட்டு நகரவில்லை. ஆண்களும் பெண்களும் முட்டிமோதும் தஞ்சக்கூடத்தில் இரவைக் கழிக்கப் பெண்கள் தயங்கினார்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்கள் ஏராளம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டுப் போகும் என்ற பயம் வேறு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். பெண் தன்னார்வலர்கள் வந்தார்கள், தஞ்சக்கூடங்களில் தனி அறைகள் வந்தன, கால்நடைகளுக்கு மண்மேடுகள் எழுப்பினார்கள். மற்ற நாட்களில் தஞ்சக்கூடம் பள்ளிக்கூடமாக இருப்பதால் அதற்கு வழி தெரியாத குழந்தை ஊரில் கிடையாது, கட்டடமும் பாழடையாமல் இருக்கிறது. முன்னெச்சரிக்கை என்றால் பலர் செயற்கைக்கோளையும் கைபேசிச் செயலியையும்தான் நினைக்கிறார்கள். அதற்கு அவ்வளவு செலவு செய்த பிறகும், கடைசி இரண்டு கிலோமீட்டரில் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இதே கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் தவறாகிவிடும். சாவு குறைந்தது, இழப்பு குறையவில்லை. 2009இல் ஐலா புயலில் இறந்தவர்கள் ஒப்பீட்டில் குறைவு. ஆனால் தென்மேற்கில் கரைகள் உடைந்து உப்புநீர் வயலுக்குள் வந்தது. சில இடங்களில் அது வடிய இரண்டு ஆண்டுகள் வரை ஆயிற்று. உயிரோடு தப்பித்தவர் பிழைப்பு தேடி நகரத்துக்குப் போனார். உயிரைக் காப்பது எப்படி என்று நமக்கு நன்றாகத் தெரியும். பிழைப்பைக் காப்பது எப்படி என்பது இன்னும் பாதிதான் தெரியும். இந்த வேறுபாடு பல திட்டங்களில் எழுதப்படுவதே இல்லை.

வெயில் பற்றியும் இரண்டு வார்த்தை. 2003 கோடையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக வாழ்ந்த முதியவர்கள். மறு ஆண்டே தேசிய வெப்பத் திட்டம் வந்தது. இந்தியாவில் 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் அகமதாபாத் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. இவற்றால் உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. எத்தனை என்பதெல்லாம் புள்ளிவிவர மாதிரிகள் தரும் மதிப்பீடு. அகமதாபாத்தைப் பார்த்துப் பல இந்திய நகரங்களும் மாநிலங்களும் திட்டம் போட்டன. 2023இல் சென்டர் பார் பாலிசி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் அப்படி 37 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை 'அந்தந்தத் துறை தன் நிதியிலிருந்து ஒதுக்கிக்கொள்ளட்டும்' என்ற ரகம். ஒரு திட்டம் நகலெடுக்கப்படும்போது அட்டையும் அத்தியாயத் தலைப்பும் எளிதாகப் பயணப்படும். பொறுப்பும் பணமும் பயணப்படுவதில்லை.

தேசியத் திட்டங்களின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான். 2001 மராகேஷ் மாநாட்டில், மிகவும் பின்தங்கிய நாடுகள் தங்கள் அவசரத் தேவைகளைப் பட்டியலிடட்டும் என்று தேசியத் தகவமைப்புச் செயல்திட்டங்களைத் தொடங்கினார்கள். 2010 கான்கூன் மாநாட்டில் அது எல்லா வளரும் நாடுகளுக்குமான நீண்டகாலத் தேசியத் தகவமைப்புத் திட்டமாக விரிந்தது. இன்று 172 நாடுகளிடம் ஏதோ ஒரு தேசியத் திட்டமோ கொள்கையோ உத்தியோ இருப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 தகவமைப்பு இடைவெளி அறிக்கை (தேவைக்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தை அளப்பது) சொல்கிறது. அவற்றில் 36 நாடுகள் பத்தாண்டுகளாக அதைத் தொடவே இல்லை. காகிதம் தட்டுப்பாடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நாட்டின் பெயர் வேண்டாம். அதன் திட்டத்தில் 'காலநிலையைத் தாங்கும் சாலைகள்' என்று ஓர் அத்தியாயமே இருந்தது, நன்றாகவும் எழுதியிருந்தார்கள். களத்துக்குப் போனபோது ஒரு புதிய சாலையின் அடியில் போட்டிருந்த நீர்க்குழாய்கள் இரண்டு மழையிலேயே போதாமல் போய், தண்ணீர் சாலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் மிகவும் கெட்டிக்காரர், நேர்மையானவர். எந்த மழை அளவை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். துறையின் கையேட்டை எடுத்துக் காட்டினார். அதிலிருந்த மழை அட்டவணை நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையது. தேசியத் திட்டத்தைப் பார்த்தீர்களா என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வடிவமைப்புக்கு ஒப்புதல் தருபவர் கையேட்டைத்தான் பார்ப்பார். அதை மீறிப் பெரிய குழாய் போட்டால் வீண்செலவு என்று தணிக்கையில் கேள்வி வரும். சுற்றுச்சூழல் அமைச்சகம் எழுதிய திட்டத்துக்கு அந்தக் கையேட்டின் ஒரு வரியைக்கூட மாற்றும் அதிகாரம் இல்லை. அன்றிலிருந்து நான் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது கையேடுகளைத்தான்.

இதனால்தான் பிரான்ஸ் 2025 மார்ச்சில் வெளியிட்ட மூன்றாவது திட்டம் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. இந்த நூற்றாண்டின் முடிவில் தன் ஐரோப்பிய நிலப்பரப்பு 4 டிகிரி சூடாகியிருக்கும் என்ற பாதையை வைத்தே தயாராக வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த எண் நிச்சயம் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நடக்கக் கூடாது என்பதுதான் எல்லோர் விருப்பமும். ஆனால் ரயில்பாதை போடுபவர், பள்ளிக்கட்டடம் கட்டுபவர், அணுமின் நிலையம் நடத்துபவர் எல்லோரும் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்றால் யாராவது அதைத் தீர்மானித்துக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனின் 2008 காலநிலைச் சட்டம் வேறு வழியில் போகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடு, அதன்மேல் ஒரு தேசியத் திட்டம், அதை அரசு செய்ததா இல்லையா என்று சொல்ல ஒரு சுயேச்சைக் குழு. அந்தக் குழு தொடர்ந்து 'போதாது' என்றே அறிக்கை கொடுத்து வருகிறது. சட்டம் தோற்றுவிட்டதற்கு இது சான்று என்று சிலர் சொல்வார்கள். 'போதாது' என்று சொல்வதையே கடமையாகக் கொண்ட ஒருவர் இல்லாத நாடுகளைப் பார்த்தவன் என்பதால், எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நெதர்லாந்தைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள், அதன்பின் பிரம்மாண்டமான கடல்தடுப்புகள் கட்டினார்கள் என்பது எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய பகுதி. 1995இல் ஆறுகள் பெருகி சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. கரையை இன்னும் உயர்த்துவதே அதுவரை அவர்கள் வழக்கம். உயர்ந்த கரை உடைந்தால் வரும் அழிவும் பெரிது. தவிர, கரை உயர உயர அதை நம்பிப் பின்னால் வீடுகள் பெருகும். இந்த முறை கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நெய்மேகன் நகருக்கு எதிர்க்கரையில், லென்ட்டில், வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே நகர்த்தி, பக்கத்தில் ஒரு துணைக்கால்வாய் வெட்டினார்கள். சுமார் ஐம்பது வீடுகளை எடுக்க வேண்டியிருந்தது. 'ஆற்றுக்கு இடம்' என்ற பெயரில் நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இதுபோல நடந்தது. இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் பொறியியல் மட்டுமில்லை. வெள்ளப் பணிக்கென்று சட்டப்படி தனி நிதியும், ஆட்சி மாறினாலும் அதே வேலையைத் தொடரும் ஓர் ஆணையரும் அங்கே இருக்கிறார்கள். இதை அப்படியே நகலெடுக்கலாம் என்று சொல்லவில்லை. நகராட்சிக்கு மாதச் சம்பளமே தடுமாறும் நாடுகளில், முப்பதாண்டுக்கு நிதி ஒதுக்கு என்று எழுதுவது பரிகாசமாகிவிடும்.

எதிர்காலம் தெளிவாகத் தெரியாதபோது எப்படிக் கட்டுவது என்பது அடுத்த சிக்கல். இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வெப்பம் கூடும், கடல் உயரும், கனமழை வலுக்கும்: இவற்றின் திசையில் சந்தேகமில்லை. கடல் எவ்வளவு வேகமாக உயரும் என்பது அண்டார்டிக் பனிப்பாளங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தது. அங்கே அறிவியலே இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு குறிப்பிட்ட மாவட்டத்தில் 2060இல் மழை கூடுமா குறையுமா என்று கேட்டால், உலகின் பல பகுதிகளுக்குக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன. யாராவது ஒரு வண்ண வரைபடத்தைக் காட்டி உங்கள் வட்டாரத்தில் மழை 7.3 விழுக்காடு கூடும் என்று சொன்னால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்றை மட்டுமில்லை, ஏழையும் நம்பாதீர்கள். இந்த ஐயத்தோடு வாழ ஒரு வழி உண்டு. லண்டனின் தேம்ஸ் தடுப்பு 1982 முதல் இயங்குகிறது. அந்தக் கழிமுகத்துக்கான நீண்டகாலத் திட்டம் 2100 வரைக்கும் ஒரே விடையை எழுதி வைக்கவில்லை. கடல் மட்டம் இவ்வளவு உயர்ந்தால் இதைச் செய்வோம், அதைத் தாண்டினால் அதைச் செய்வோம் என்று பாதைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எப்போது முடிவை மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அதன் நுட்பம்.

எழுதாமல் போனால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தோடு செய்ததே கேடாக முடியும். பசிபிக் தீவுகளில் கடலைத் தடுக்கக் கட்டிய சுவர்கள், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் செய்த இடங்கள் உண்டு. தண்ணீர் சிக்கனத்துக்கென்று மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் கொடுத்தால், மிச்சமான தண்ணீரில் உழவர் இன்னும் நான்கு ஏக்கர் பயிரிடுவார். நிலத்தடி நீர் முன்பைவிட வேகமாக இறங்கும். அவர் செய்தது முற்றிலும் நியாயம். மிச்சத்தை என்ன செய்வது என்று திட்டம் சொல்லவில்லை.

இனிப் பணம். வளர்ந்த நாடுகள் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக 2009 கோபன்ஹேகனில் சொன்னதும், அதை இரண்டு ஆண்டு தாமதமாக 2022இல்தான் எட்டியதும் தெரிந்த கதை. பெரும்பங்கு உமிழ்வுக் குறைப்புக்குப் போனது. சூரிய மின் நிலையம் கட்டினால் மின்சாரம் விற்றுக் கடனை அடைக்கலாம். கடல்தடுப்புச் சுவர் எதை விற்கும்? தகவமைப்புப் பணத்தை 2019 அளவிலிருந்து 2025க்குள் இரட்டிப்பாக்குங்கள் என்று 2021 கிளாஸ்கோ மாநாடு வலியுறுத்தியது. ஆனால் வளரும் நாடுகளுக்கு அரசுகள் வழியாகப் போன தகவமைப்பு நிதி 2022இல் 2,800 கோடி டாலர், 2023இல் 2,600 கோடி. குறைந்திருக்கிறது. தேவை 2035 வாக்கில் ஆண்டுக்கு 31,000 கோடி முதல் 36,500 கோடி டாலர் வரை என்பது மேலே சொன்ன அதே இடைவெளி அறிக்கையின் மதிப்பீடு. தேவைக் கணக்கை நான் திசைகாட்டியாக மட்டுமே பார்ப்பேன். எதைத் தகவமைப்பு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது நிறைய மாறும். கொடுத்ததற்கும் தேவைக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி என்பது மட்டும் எப்படி எண்ணினாலும் மாறாது. பெலெங்கில் 2035க்குள் மும்மடங்காக்க முயலுங்கள் என்று இன்னொரு அழைப்பு வந்திருக்கிறது. கொடுத்ததிலும் கணிசமான பங்கு கடன். தான் உண்டாக்காத வெள்ளத்துக்குக் கரை கட்ட ஒரு நாடு வட்டி கட்டுகிறது.

அளவைப் போலவே வழியும் முக்கியம். தகவமைப்பு நிதியம் என்ற சிறிய நிதியம் ஒன்று, உமிழ்வுக் குறைப்பை வரவாக வாங்கி விற்கும் கரிச் சந்தையில் 2 விழுக்காடு பங்கை வருமானமாகக் கொண்டு தொடங்கியது. சந்தையில் விலை சரிந்ததும் நன்கொடையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தது: சர்வதேச முகமைகள் வழியாக அல்லாமல் ஒரு நாட்டின் சொந்த நிறுவனத்துக்கே நேரடியாகப் பணம் கொடுத்தது. 2010இல் செனெகல் நாட்டு நிறுவனம் ஒன்று முதலாவதாக அங்கீகாரம் பெற்றுக் கடலரிப்புப் பணியை எடுத்துக்கொண்டது. கென்யாவில் இன்னும் கீழே போனார்கள். வறண்ட இசியோலோ மாவட்டத்தில் தொடங்கி, வார்டு அளவிலான குழுக்களே நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் ஏற்பாடு பல மாவட்டங்களுக்குப் பரவியது. மேய்ச்சல்காரர்கள் கேட்டது பெரும்பாலும் தண்ணீர்க் கிணறும் மேய்ச்சல் ஒழுங்கும்தான். அதில் ஊழலே இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். அந்த ஊரிலேயே எல்லோருக்கும் தெரியவும் வரும்.

எல்லாம் செய்த பிறகும் தாங்க முடியாத இடங்கள் உண்டு. பிஜியில் வுனிந்தோங்கோலோவா என்ற கடலோர ஊரை 2014இல் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நாடு 2018இல் இடப்பெயர்வுக்கு வழிகாட்டு நெறிகள் எழுதியது, மறு ஆண்டு அதற்கென்று அறக்கட்டளை நிதியும் வைத்தது. பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்களில் ஆண்டுக்கு 280 பேருக்கு இடம் தர ஆஸ்திரேலியா செய்துகொண்ட உடன்பாடு 2024இல் நடைமுறைக்கு வந்தது. தகவமைந்தும் தவிர்க்க முடியாத இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் முடிவாகி மறு ஆண்டு துபாயில் உருப்பெற்றது. பாரிஸில் இதைப் பற்றிய 8ஆவது பிரிவை ஏற்றபோதே, இதை வைத்துப் பொறுப்பேற்கவோ இழப்பீடு கேட்கவோ அடிப்படை இல்லை என்று ஒப்பந்தத்தோடு சேர்த்து எடுத்த மாநாட்டு முடிவில் எழுதிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், நாடுகளுக்குத் தகவமைப்பிலும் சட்டக் கடமை உண்டு என்று சொன்னது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சட்டம் படித்தவர் ஒருவர் வந்து சொல்லட்டும்.

உங்கள் நாட்டுத் திட்டத்துக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்காதீர்கள். அறிவியல் சுருக்கம் எல்லாத் திட்டத்திலும் நன்றாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து தொடங்குங்கள். நிதி அட்டவணையில் அரசின் சொந்த வரவுசெலவுத் தலைப்பு ஏதாவது இருக்கிறதா, எல்லாம் 'வெளிநாட்டு உதவி எதிர்பார்க்கப்படுகிறது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பணிக்கும் எதிரே ஒரே துறையின் பெயர் இருந்தால் நல்ல அறிகுறி. ஆறு துறைகளின் பெயரைக் காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால் யாரும் செய்யப்போவதில்லை. கடைசியாகத் திருத்திய ஆண்டு, அடுத்துத் திருத்த வேண்டிய ஆண்டு, திருத்தாவிட்டால் யார் கேட்பார்கள் என்பதைத் தேடுங்கள். செய்ய மாட்டோம் என்று ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், உதாரணமாக இந்த வெள்ளச் சமவெளியில் இனி வீட்டு அனுமதி கிடையாது என்று. அப்படி ஒரு வரி இருந்தால் அதற்காக யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். அப்புறம் திட்டத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் நாட்டுச் சாலைத் துறையின் வடிகால் வடிவமைப்புக் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். பல நாடுகளில் அது பொதுவிலேயே கிடைக்கும். அதிலுள்ள மழை அட்டவணை எந்த ஆண்டோடு முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசலாம்.